ஓடாத காரின் ஓயாத புகழ்

கல்யாணப் பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் வருகிற இடைவெளியில் ஓர் இலைக்கு முன்னால் ஆள் இருக்காது. அப்பளம் மட்டும் காத்துக்கொண்டிருக்கும். யாரும் பதற வேண்டாம். அந்த இலைக்குரியவர் மண்டபத்து வாசலில், முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய காருக்கு முன்னால் குனிந்து நின்று, "ஒரிஜினல் கிரில் சார் இது! எங்க புடிச்சீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். மோர் பரிமாறும்போது திரும்பி வந்து உட்காருவார். கை கழுவியிருப்பார். சட்டையில் கிரீஸ் இருக்கும்.

பழைய கார்ப் பித்தர்கள் சென்னையில் பேட்டைக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பேங்கில், ஆடிட்டர் ஆபீஸில், ஐ.டி. கம்பெனியில் என்று எங்காவது மற்றவர்களைப் போலவே வேலை பார்ப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தெருவில் ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, ஒரு விரலைத் தூக்கி, கண்ணை மூடி, "டேப்பட் அடிக்குது" என்று சொன்னால் அவர்தான். வீட்டில் குழந்தை இருமினால் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்பாரா என்பது அவர் மனைவிக்கு நெடுநாளாக உள்ள சந்தேகம்.

இவரிடம் இரண்டு கார் இருக்கும். ஒன்று ஓடும். ஆட்டோமேட்டிக் கியர், ஏ.சி., பின்னால் பார்க்க கேமரா எல்லாம் உண்டு. ஆபீஸ், ஆஸ்பத்திரி, மாமியார் வீடு எல்லாவற்றுக்கும் அதில்தான் போவார். அதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் கிடையாது. "அதுவா, அது சும்மா பொழங்கறதுக்கு" என்பார். இன்னொன்று வீட்டுக்குப் பின்னால் கவர் போட்டு நிற்கும். அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒரு ஜென்மம் போதாது. ஒரு கார் எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ அவ்வளவு அதிகமாக அதைப் பற்றிப் பேச்சு இருக்கும் என்பது நான் கண்ட விதி. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு யாரும் வாட்ஸப் குரூப் தொடங்கவில்லை.

"ஓடாத கார்" என்று அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது. "நிக்குதுன்னு சொல்லுங்க. வேலை கொஞ்சம் பாக்கி." அந்தப் பாக்கி வேலை அவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கியது.

பழைய கார்க்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அம்பாசிடர்காரருக்கும் ஃபியட்காரருக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. அம்பாசிடர், வங்காளத்து உத்தரப்பாராவில் 1950-களின் கடைசியில் பிறந்து, 2014 வரைக்கும் கிட்டத்தட்ட அதே முகத்தோடு இருந்த வண்டி. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் இருந்து, அந்த ஊர்க்காரர்கள் மறந்துபோன பிறகும் நம்மிடம் அரை நூற்றாண்டு வாழ்ந்தது. அம்பாசிடர்காரருக்கு அந்த மாறாத முகம்தான் பெருமை. "ஏழு பேர், ரெண்டு பெட்டி, ஒரு பலாப்பழம். போகும் சார்!" என்பார். விவாதம் முற்றினால் எம்.ஜி.ஆரை இழுப்பார். "தலைவர் வெச்சிருந்தது அம்பாசிடர். டி.எம்.எக்ஸ். 4777. தி.நகர் ஆற்காடு தெரு நினைவு இல்லத்துல இன்னிக்கும் நிக்குது. போய்ப் பார்த்துட்டு வந்து பேசு!"

ஃபியட்காரர் அசர மாட்டார். "பம்பாய் டாக்ஸி முழுக்க எங்க பத்மினிதான். 2023 அக்டோபர்லதான் கடைசி வண்டியை ரோட்டை விட்டு எடுத்தாங்க."

"அதனாலதான் பம்பாய்க்காரங்க எல்லாரும் ரயில்ல போறாங்க."

இதற்கு மேல் நட்பு நீடிப்பது கடினம்.

நான் சொல்லவந்த நம்மவர் இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். அவருடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதை மெட்ராஸில் செய்தார்கள் என்பதை நீங்கள் கேட்காமலே சொல்வார். கேட்டாலும் சொல்வார். 1961-லிருந்து நம்மூர் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த வண்டி. இங்கிலாந்து டிரையம்ஃப் கம்பெனிக்காக மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். 948 சி.சி. இன்ஜின். லண்டன் டாக்ஸிக்கு நிகராக இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளை மனத்தில் வைத்துத்தான் அந்த இத்தாலியர் வரைந்தார் என்று நம்மவர் சொல்லும்போது மறுத்துப் பேச மனம் வராது. வெள்ளைக்காரனே செய்யாத நான்கு கதவு ஹெரால்டை நாம்தான் செய்தோம் என்பார். இது உண்மைதான். பிரிட்டனில் அந்த வண்டிக்குக் கடைசிவரை இரண்டே கதவுதான்.

ஹெரால்டின் பானட் மற்றக் கார்களுடையதுபோல மூடியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாகம் முழுவதும் அப்படியே முன்னால் சாயும். இன்ஜின் திறந்த வெளிக்கு வந்துவிடும். முன்சக்கரத்து டயர்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். "ரிப்பேர் பண்றவனை நினைச்சு டிசைன் பண்ணின ஒரே கார் சார் இது" என்று நெகிழ்வார். அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்த நேரத்தைவிட டயர்மேல் உட்கார்ந்த நேரம் பல மடங்கு அதிகம் என்பதால் இதை அனுபவ உண்மையாகவே எடுத்துக்கொள்ளலாம். பின்சக்கரங்களின் ஆக்ஸில் அமைப்பால், வேகமாகப் போய்த் திடீரென்று வளைத்தால் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும் என்ற குற்றச்சாட்டு பழைய மாடல்மேல் உண்டு. நம்மவர் அதை மறுப்பதில்லை. "வேகமா போனாத்தானே?" என்று கேட்பார்.

அவரை அழவைக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரைச் சொல்ல வேண்டும். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது ரோவர் எஸ்.டி.1 என்ற அழகிக்குக் கிடைத்தது. பிரிட்டனில் மூன்றரை லிட்டர் வி8 இன்ஜினோடு பறந்த வண்டி. அதன் உடம்பை 1985-ல் மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே வைத்த இன்ஜின் பழைய வேன்கார்டு காருடைய வம்சம். அந்த வம்சம் எப்பேர்ப்பட்டது என்றால், அதன் உறவுமுறை இன்ஜின் ஒன்று ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதுகொண்டிருந்தது. விலை அதிகம், பெட்ரோல் தாகம் அதைவிட அதிகம். மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. நம்மவர் இந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவருடைய கருத்தில் இந்தியாவின் தொழில் வரலாற்றில் இதற்கு இணையான துயரம் வேறில்லை. வி8 இன்ஜினை மட்டும் கொண்டுவந்திருந்தால் இன்று ஜெர்மன்காரன் நம்மிடம் வந்து கார் வாங்குவான் என்பார். அப்போது பெட்ரோல் யார் போட்டிருப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. துக்கவீட்டில் கேட்கிற கேள்வியா அது?

கான்டெஸாக்காரர் தனி ரகம். 1984-ல் வந்த வண்டி. இங்கிலாந்து வாக்ஸாலின் உடம்பு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ் சினிமா வில்லன்கள் இறங்கிவந்த வண்டி. ஆனால் முதல் சில வருஷங்கள் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் அதே 1489 சி.சி. இன்ஜின். அந்த நாளைய வில்லன்கள் சேஸிங்கில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை; காரணம் கதாநாயகனின் வீரம் என்றே இத்தனை காலம் நம்பிவிட்டோம். பிறகு ஐஸுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்து மானத்தைக் காப்பாற்றியது. இன்றைய இளம் கான்டெஸாக்காரர்கள் அதற்கு மினுமினுப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, அகல டயர் போட்டு, அமெரிக்க மசில் கார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம்மவர் இதை மதமாற்றமாகவே கருதுகிறார்.

இளைஞர்களோடு அவருக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அது குதிரைத்திறன் வழக்கு. இளைஞர்கள் கூடுகிற இடத்தில் 2000-ல் வந்த ஹோண்டா சிட்டி விடெக்கின் 106 குதிரை, ஃபியட் பாலியோ 1.6-இன் 100 குதிரை, 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.ஸின் 150 குதிரை என்று லாயம் லாயமாக எண்ணிக்கொண்டிருப்பார்கள். லேப்டாப்பை வண்டியில் செருகி 'ரீமேப்' என்று ஏதோ செய்து இன்னும் இருபது குதிரையை உள்ளே விடுவார்கள். சைலன்சரை மாற்றுவார்கள். மாற்றியதும் வேகம் கூடுகிறதோ இல்லையோ, அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். நம்மவர் நரை மீசையைத் தடவியபடி, "கம்ப்யூட்டர் இருக்கிற வண்டியெல்லாம் வண்டியா? ரோடு கையில தெரியணும்டா!" என்பார். பையன்கள், "அங்கிள், உங்க வண்டியில ரோடு கையில மட்டுமா தெரியுது, முதுகெலும்புலயும் தெரியுது" என்பார்கள்.

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்பதுதான் இளைஞர்களின் முதல் கேள்வி. விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை நடக்கும். சண்டை முடிந்து எல்லோரும் அவரவர் வண்டியில் ஏறி, ஓ.எம்.ஆரில் சாயங்கால நெரிசலில் மாட்டி, பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு முக்கால் மணி நேரம் போவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கிழவரும் இளைஞரும் ஒன்று: யாரும் கிட்டப் போகாத கார்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் அசைக்க முடியாத தீர்ப்பு இருக்கும். போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதலில் 901 என்று பெயர் வைத்தார்கள், நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுக்குரியவை என்று பெஜோ கம்பெனி சொன்னதால் மாற்றினார்கள் என்று நம்மவர் பரம்பரை வரலாறு சொல்வார். 1998 வாக்கில் காற்றால் குளிர்ந்த இன்ஜினை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மாறினார்களே, அதோடு போர்ஷே செத்துவிட்டது என்பது அவர் தீர்ப்பு. அப்போது வந்த மாடலின் முன்விளக்கைப் பொரித்த முட்டை என்று உலகமே கேலி செய்தது, நம்மவரும் செய்வார். சைவர் என்பதால் முகம் சுளித்துக்கொண்டு செய்வார். போர்ஷேயின் ஸ்டுட்கார்ட் பொறியாளர்களுக்குத் தன் தீர்ப்பு தெரியாமல் போனதில் அவருக்கு வருத்தம். இத்தனைக்கும் அவர் ஒரு 911-க்கு மிக அருகில் போனது, சிக்னலில் பக்கத்து வண்டியாக நின்றபோதுதான். அவர் அப்போது மாநகரப் பேருந்தில் இருந்தார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மெக்லாரன் எஃப்1 பற்றி வீட்டில் பாடம் நடந்தது. தொண்ணூறுகளில் உலகின் மிக வேகமான கார். "அதுல விசேஷம் என்னன்னா, மூணு சீட்டு. டிரைவர் நடுவுல. ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னால தள்ளி ஒவ்வொரு சீட்டு."

அவர் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒரு பக்கம் உங்கம்மா, ஒரு பக்கம் நான். நம்ம வீட்டைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இவரைப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கே கவரை உருவி மடித்து வைப்பார். பேட்டரி செத்திருக்கும். ஓடுகிற காரின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுப்பார். (அந்த ஏழைக் கார் இதற்காகவாவது ஒரு நன்றிச் சொல் கேட்டதில்லை.) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி பதினைந்து 'தவ்' இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பார். கார்புரேட்டரில் இரண்டு சொட்டுப் பெட்ரோல். சோக்கை முழுவதும் இழுத்து, செல்ஃப் அடித்தால் ஒரு முனகல் வரும். மறுபடி அடித்தால் அதுவும் வராது. வாட்ச்மேன், பால்காரர், கிரிக்கெட் மட்டையோடு வந்த பையன்கள் எல்லோரும் பின்னால் கைவைப்பார்கள். தெருக்கோடி வரை தள்ளு. அங்கே ஒரு தும்மல், நீலப்புகை, பிறகு சத்தம். தெருவே கைதட்டும். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுகிறவர்கள் மட்டும் கைதட்ட மாட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஸ்டார்ட் செய்த வண்டியில் எங்கே போவார்? எங்கும் போக மாட்டார். நின்று கேட்பார். "ஐடிலிங் கேளுங்க சார், ஐடிலிங். டம்ளர்ல தண்ணி வெச்சாலும் ஆடாது." வைத்தும் காட்டுவார். கால் மணி கழித்து அணைத்துவிட்டு, கவரைப் போட்டு, முகம் நிறைய நிம்மதியோடு இட்லிக்கு உட்காருவார்.

எப்போதாவது துணிந்து பெசன்ட் நகர் வரை போவதும் உண்டு. ஒவ்வொரு சிக்னலிலும் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "எங்க தாத்தா இதான் வெச்சிருந்தார்" என்பார். அத்தனை தாத்தாக்களும் வைத்திருந்தால் அந்தக் கம்பெனி ஏன் மூடியது என்று புரியவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர், "விக்கிறியா சார்?" என்று கேட்டால் அன்றைய உச்சம் அதுதான். "இல்லப்பா" என்று அவர் சொல்லும் தொனியில், ஊரில் பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்பும் தகப்பனின் கர்வம் இருக்கும்.

இவர் பயந்து பேசும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான்: மேஸ்திரி. எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு வேப்ப மரத்தடியில் கடை. ஃபீலர் கேஜை அவர் கையால் தொடுவதில்லை. சிகரெட் அட்டையை மடித்து நடுவில் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்பார். சரியாகவே இருக்கும். "வாட்டர் பம்பு போச்சு சார். புதுப்பேட்டையில தேடு" என்று அவர் சொன்னால், மானேஜர் பதவியில் இருப்பவர் சனிக்கிழமை முழுவதும் புதுப்பேட்டைச் சந்துகளில் இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருப்பார். அங்கே கிடைக்காவிட்டால் இங்கிலாந்து. ஹெரால்டுக்குப் புதுப் பாகங்களை அங்கே இன்றும் செய்து விற்கிறார்கள். பொருளின் விலையோடு தபால் கூலியும் சுங்க வரியும் சேரும். பார்சல் ஆபீஸ் முகவரிக்கு வரும். ஏன் வீட்டு முகவரிக்கு வராது என்று கல்யாணமான வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தோடும் இவருக்குத் தகராறு உண்டு. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டியின் ரப்பர் குழாய்க்கும் டயாஃப்ரத்துக்கும் அது ஆகாது. இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2021-ல் வந்த விதியைப் பற்றிக் கேட்டால் குழைந்துவிடுவார். ஐம்பது வயது தாண்டிய, உருமாற்றாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட், புதுப்பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஒரே நிபந்தனை, அந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் பங்க், பழுதுபார்க்கும் இடம் இவற்றுக்கு மட்டும் போகலாம். மத்திய அரசு இவ்வளவு கச்சிதமாக ஒரு குடிமகனின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டு வேறெந்த விதியும் எழுதியதில்லை. அவர் வண்டி இதுவரை போன இடங்களே அவைதான்.

சோழவரம் பற்றி ஒரு வார்த்தை. அறுபது வயதைத் தாண்டிய எந்தக் கார்ப் பித்தரும், யுத்தகால விமான ஓடுதளமான சோழவரத்தில் ரேஸ் பார்த்ததாகத்தான் சொல்வார். அங்கே கூட்டம் நிஜமாகவே அலைமோதியது. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற எளிய ரேஸ் காரை உருவாக்கிப் பல பையன்களுக்கு வழி திறந்ததும், அதே ஊரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதும் நம்மவர் பேச்சில் தவறாமல் வரும். அந்த இடத்தில் மட்டும் அவர் மிகைப்படுத்துவதில்லை. குரலும் மாறிவிடும்.

உங்களுக்கே ஒரு பழைய கார் வாங்க ஆசை வந்தால் இவரை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கேட்க மாட்டார். ஃபில்டர் காபி போதும். கால்மிதியைத் தூக்கி அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். கதவின் கீழ்ப்பக்கம் காந்தத்தை வைத்து, அது ஒட்டாத இடத்தில் பட்டி அடைத்திருக்கிறார்கள் என்று காட்டுவார். சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். இன்ஜின் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்வார். இதெல்லாம் முடிந்ததும் அவரைத் தெருமுனைக் கடைக்குக் காபி குடிக்க அனுப்பிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால், "இந்த மாதிரி வண்டி இப்ப எங்க சார் கெடைக்குது!" என்று விற்பவரிடம் அவரே சொல்லி, ஐம்பதாயிரம் ஏற்றிவிட்டுத்தான் வருவார்.